பதினோரு மாதமும் இருபத்தோரு ஆண்டும்

ஏற்காடு மலையில், நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை எனக்கு இரண்டு கேள்விகள் எழுதியிருந்தார். "கொரோனா தடுப்பூசி ஒரே ஆண்டில் வந்துவிட்டது. அப்படியானால் ஏதோ சோதனையை விட்டுவிட்டார்களா? விடவில்லை என்றால் காசநோய்க்கும் டெங்குவுக்கும் ஏன் அந்த வேகம் இல்லை?" என்பது முதல் கேள்வி. "தடுப்பூசி வந்த பிறகும் எங்கள் மலைக்கு அது ஏன் கடைசியாக வருகிறது? அதை விரைவுபடுத்த என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" என்பது இரண்டாவது. சேலம் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது சுகாதாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி தடுப்பூசி வேலை. தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன், டீச்சர்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: கொரோனா தடுப்பூசியில் சோதனை எதையும் விட்டுவிடவில்லை. ஒரு சோதனை முடிந்து அடுத்தது தொடங்கும் வரை வீணாகக் கிடக்கும் காலத்தை விட்டுவிட்டார்கள். ஒரு தடுப்பூசிக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆயின என்று படிக்கும்போது, அத்தனை ஆண்டுகளும் யாரோ ஆய்வுக்கூடத்தில் குனிந்து வேலை செய்ததாக நினைத்துவிடுகிறோம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி இழுப்பது ஒரு பட்டறை, வளையம் கோப்பது ஒரு வீடு, பற்றவைப்பது இன்னோர் இடம், மெருகு வேறோர் இடம். கைகள் வேலை செய்த நேரத்தை மட்டும் கூட்டினால் அதிகம் வராது. மீதி நேரமெல்லாம் கொலுசு ஏதோ ஒரு திண்ணையில் அடுத்த கைக்காகக் கிடக்கிறது. தடுப்பூசியும் அப்படித்தான் கிடக்கிறது: பணத்துக்காக, நெறிமுறைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்காக, தன்னார்வலர்களுக்காக, தொழிற்சாலைக்காக.

இந்தக் கிடப்பு உயிர்களைத் தின்கிறது. எபோலாவுக்கான ஒரு தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றியது என்று 2005லேயே கட்டுரை வெளியானது. அதை வாங்கக்கூடிய பணக்கார நாடு எதற்கும் அவசரம் இல்லாததால் அது பல ஆண்டுகள் மனிதரிடம் சோதிக்கப்படாமலே இருந்தது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நோய் பெரிதாகப் பரவிய பிறகுதான் வேகமாகக் கையில் எடுத்தார்கள். 2015இல் கினியா நாட்டில், நோயாளியோடு பழகியவர்களுக்கும், அவர்களோடு பழகியவர்களுக்கும் என்று வளையம் வளையமாக ஊசி போட்டுச் சோதித்தார்கள். சில மாதங்களில் பதில் தெரிந்துவிட்டது. அந்தக் கொள்ளைநோய் அடங்குவதற்குள் 11,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அந்தச் சோதனையின் முதல் கட்டங்களையாவது முன்னதாகவே முடித்து வைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வந்து போகிறது.

காசநோயின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. நூறாண்டு பழையது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களிடம் தொடங்கிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுப்பதில்லை என்று காட்டியது. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, எம்72 என்ற புதிய தடுப்பூசி நோயை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்ற முடிவு 2018இல் வெளிவந்தது. அனுமதிக்கு முந்தைய பெரிய சோதனையான மூன்றாம் கட்டச் சோதனையில் முதல் ஊசி போடப்பட்டது 2024 மார்ச்சில். ஆண்டுதோறும் பத்து லட்சம் பேருக்கு மேல் கொல்லும் ஒரு நோய்க்கு, நல்ல செய்தி கிடைத்த பிறகும் இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல்! அதற்குள் உரிமம் கை மாறியது, பணம் திரட்ட வேண்டியிருந்தது, மருந்தைத் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் நியாயம் இல்லை.

கொரோனாவில் அவற்றை ஒரே நேரத்தில் செய்தார்கள். கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரி 10 வாக்கில் வெளியானது. மார்ச் 16 அன்று மாடர்னா நிறுவனத்தின் ஊசி அமெரிக்காவில் முதல் தன்னார்வலருக்குப் போடப்பட்டது. டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு ஃபைசர் ஊசி தொடங்கியது. பதினோரு மாதம். ஆனால் அந்த ஓட்டம் தொடங்கியது 2020இல் அல்ல. கேட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரும் இந்த ஊசிகளின் அடிப்படையான எம்.ஆர்.என்.ஏ. என்ற மரபுச் செய்தி மூலக்கூறை உடல் எதிரியாக நினைக்காதபடி மாற்றும் வழியை 2005இல் வெளியிட்டார்கள். அதற்கான நோபல் பரிசு 2023இல் வந்தது. கிருமியின் முள் புரதத்தை உருக்குலையாமல் நிறுத்தும் உத்தியை, மெர்ஸ் என்ற அதன் உறவுக்கார நோய்க்காக 2017க்குள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மனிதரைத் தாக்கும் ஒவ்வொரு வைரஸ் குடும்பத்திலிருந்தும் ஒன்றிரண்டு கிருமிகளுக்கு இப்படி முன்கூட்டியே வேலை செய்து வைத்தால், அடுத்த கொள்ளைநோய்க்கு நூறு நாளில் தடுப்பூசி என்பது எட்டக்கூடிய இலக்குதான். அதற்கு நோய் இல்லாத காலத்தில் பணம் போட வேண்டும். அங்கேதான் எல்லா அரசுகளும் தயங்குகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் கட்டச் சோதனை எப்போது முடியும் என்பதை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை. எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற கணக்கு தீர்மானிக்கிறது. ஃபைசர் சோதனையில் 43,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். மொத்தம் 170 பேருக்கு நோய் வந்ததும் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். 162 பேர் உப்புநீர் பக்கம், எட்டுப் பேர் மருந்துப் பக்கம். நோய் ஊரெங்கும் எரிந்துகொண்டிருந்ததால் அந்த 170 சில மாதங்களில் சேர்ந்துவிட்டது. காசநோய்க் கிருமி உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் தூங்கும் கிருமி. அங்கே அந்தக் கணக்கு சேர ஆண்டுகள் பிடிக்கும். இந்தத் தாமதம் நேர்மையான தாமதம். இதையும் குறைக்க ஒரு வழி இருக்கிறது. டைபாய்டுக்கான புதிய தடுப்பூசி ஒன்றை, ஆக்ஸ்ஃபோர்டில் முன்வந்த தன்னார்வலர்களுக்குப் போட்டு, பிறகு அவர்களைக் கிருமியைக் குடிக்கவைத்தே சோதித்தார்கள். உடனே சிகிச்சை கொடுத்துக் குணப்படுத்த முடிகிற நோய் என்பதால் அது முடிந்தது. ஹைதராபாத்தில் தயாராகும் மருந்து அது. 2017இல் ஆய்வு முடிவு வெளியானது; அடுத்த சில மாதங்களில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

எங்கே வேகம் கூடாது? தயாரிப்பின் தரத்தைப் பரிசோதிப்பதில் கூடாது. 1955இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசி வெற்றி என்று அறிவித்த சில வாரங்களில், கட்டர் என்ற ஆய்வகம் தயாரித்த மருந்தில் கிருமி முழுமையாகச் சாகாமல் இருந்தது தெரியவந்தது. அதனால் பல பிள்ளைகளுக்குக் கைகால் முடங்கியது. பத்துப் பேர் இறந்தார்கள். டெங்குவில் நடந்தது வேறு மாதிரி. அந்தக் கிருமியில் நான்கு வகை. ஒரு வகைக்கு மட்டும் அரைகுறைப் பாதுகாப்பு கிடைத்தால், அடுத்த வகை வரும்போது நோய் கடுமையாகிவிடக்கூடும். பிலிப்பைன்ஸ் நாடு 2016இல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்கு ஊசியைப் போட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அதனால் ஆபத்து கூடலாம் என்று தயாரித்த நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. மக்களின் நம்பிக்கை நொறுங்கியது. சம்பந்தமே இல்லாத தட்டம்மை ஊசியையும் பலர் மறுத்தார்கள். அந்த நாட்டில் 2019இல் தட்டம்மை பெரிதாகப் பரவியது. 2017இல் சேலத்து மருத்துவமனைகளில் டெங்குக் காய்ச்சலோடு குழந்தைகள் படுத்திருந்ததைப் பார்த்தவன் நான். டெங்குவுக்கு ஒரு நல்ல ஊசி எனக்கு இன்றே வேண்டும். ஆனாலும் இந்தியாவில் 2024இல் தொடங்கிய பத்தாயிரம் பேர் சோதனை முழுமையாக நடந்து முடியட்டும் என்றுதான் சொல்வேன்.

பத்து லட்சத்தில் சிலருக்கு மட்டும் வரக்கூடிய பக்கவிளைவு, நாற்பதாயிரம் பேர் சோதனையில் தெரியாது. அதற்குத்தான் ஊசி போடத் தொடங்கிய பிறகும் கண்காணிப்பு. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. என் மனம் அதிகம் கிடப்பது இங்கேதான்.

கண்டுபிடித்தது ஒரு நாள், நம் பிள்ளையின் தொடைக்கு வந்தது ஒரு நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை காலம்? நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2021இல். இருபத்தோரு ஆண்டுகள்! மருந்து இருந்தது, அனுமதி இருந்தது. விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் மருத்துவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மலையில் பனிக்காலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த குழந்தைகளுக்கு அது கிடைக்கவில்லை. விலை இறங்கியதற்கு இரண்டு காரணங்கள்: இத்தனை டோஸ் வாங்குவோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்த உலக நிதித் திட்டம் ஒன்று, புணேவில் உள்ளூர்த் தயாரிப்பு தொடங்கியது மற்றொன்று. கொரோனாவில் அதே புணே நிறுவனம், அனுமதி வரும் முன்பே கோடிக்கணக்கான டோஸ்களைத் தயாரித்து அடுக்கி வைத்திருந்தது. சோதனை தோற்றிருந்தால் அத்தனையும் குப்பை. அந்த நஷ்டத்தை யாராவது ஏற்கத் தயாராக இருந்தால் ஓராண்டு மிச்சம். நம் செங்கல்பட்டில் மத்திய அரசு பல நூறு கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசி வளாகம், 2021இல் நாடே ஊசிக்குத் தவித்தபோது உற்பத்தி இல்லாமல் நின்றது. கட்டிடம் மட்டும் இருந்தால் போதாது. ஆண்டுதோறும் வேலையும் ஆர்டரும் கொடுத்து ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் அவசரத்துக்கு அது உதவும்.

இருக்கிற மருந்தைச் சிக்கனமாகப் போடுவதும் ஒரு வேகம்தான். 2016இல் போலியோ ஊசி மருந்துக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் ஐந்தில் ஒரு பங்கு மருந்தைத் தோலுக்குள் போட்டு இரண்டு தவணையாகக் கொடுத்தோம். பாதுகாப்பு குறையவில்லை, ஒரு குப்பி இரண்டு மடங்குக்கு மேல் குழந்தைகளுக்கு வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. ஊசியில் இன்னொரு பாடம் கிடைத்தது. இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் பாதியில் நிறுத்தப்பட்டதால், பல பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டோஸ்தான் போட முடிந்தது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். ஒரு டோஸே ஏறத்தாழ முழுப் பாதுகாப்பு தருகிறது என்று தெரிந்தது. மலைக்கு இதன் மதிப்பு தனி. இரண்டாவது டோஸுக்காக இன்னொரு முறை பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியதில்லை.

மலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சென்னையிலிருந்து சேலம் மண்டலக் கிடங்குக்கு மருந்து ஒரே இரவில் வந்துவிடும். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டிக்குள் போக ஒரு காலைப்பொழுது போதும். அதன் பிறகு உள்ள சில கிலோமீட்டர்தான் கடினம். கிராம சுகாதாரச் செவிலியர், மலையில் எல்லோருக்கும் நர்சம்மா, தோளில் வேக்சின் கேரியர் என்ற குளிர்பெட்டியை மாட்டிக்கொண்டு பஸ் போகும் வரை பஸ்ஸிலும், பிறகு நடந்தும் போகிறார். கேரியருக்குள் நான்கு ஐஸ் பேக். உறைந்த ஐஸ் பேக்கை எடுத்த கையோடு வைத்துவிடக் கூடாது. வெளியே வைத்து வியர்க்க விட வேண்டும். காதருகில் ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். சேலத்து வெயிலில் அது சீக்கிரம் ஆகிவிடும். மார்கழி மாதத்து ஏற்காட்டுக் குளிரில் நெடுநேரம் பிடிக்கும். பொறுமை இழந்து வைத்துவிட்டால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா மருந்து உறைந்து கெட்டுவிடும். வெப்பத்தில் கெட்டால் குப்பியின் லேபிளில் உள்ள சிறு சதுரம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். உறைந்து கெட்டதை அந்தச் சதுரம் காட்டாது. இவ்வளவையும் கற்றுவைத்திருக்கும் ஒருவரை நாம் வெறும் ஊசி போடுபவராக மட்டும் நினைக்கிறோம்.

பிறகு குப்பி. பி.சி.ஜி. குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். ஒரு குக்கிராமத்தில் அன்று இரண்டு குழந்தைதான் என்றால்? ஒரே குழந்தைக்காகவும் திறக்கலாம் என்பதுதான் விதி. ஆனால் வீணானது எவ்வளவு என்று மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தால், "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும்படி ஆகிறது. அடுத்த வாரம் அந்தத் தாய் வர முடிவதில்லை. நான் பொறுப்பில் இருந்த காலத்தில் வீணான டோஸ் பட்டியலைக் கறாராகக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அது தவறு. திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளின் பட்டியலைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் சில காலம் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் நிலையத்தில் மட்டும் என்றானது. பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவு. சமவெளியில் அது ஒரு பஸ் பயணம். மலையில் அது ஒரு நாள் கூலி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எல்லாத் தடுப்பூசியும் பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தைகள் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். இந்தச் சரிவுக்கு அந்த மாற்றமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். 2019-21இல் 89.2 ஆக மீண்டிருக்கிறோம். ஊசியை மக்களிடம் கொண்டுபோவதா, மக்களை ஊசியிடம் வரச் சொல்வதா என்பது மலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கொரோனா காலத்தில் இதையே மறுபடி பார்த்தோம். 2021 மே மாதம் 18 வயது நிரம்பியவர்களுக்குத் தொடங்கியபோது செல்பேசியில் முன்பதிவு கட்டாயம். சிக்னலே இல்லாத ஊரில் அது பூட்டிய கதவு. மே 24 முதல் அரசு மையங்களில் நேரில் பதியலாம் என்று மாறியது. ஒரு காப்பித் தோட்டத்துப் பக்கம் முகாம் போட்டோம்; காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை. நாற்காலிகள் காலியாகவே இருந்தன. எல்லோரும் தோட்டத்தில் வேலையில் இருந்தார்கள். ஊர்க்கவுண்டரிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் இன்னொன்றும் புரிந்தது. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல். அந்த இரண்டு நாள் கூலியை யார் தருவார்கள்? நாங்கள் வதந்தி, பயம், அறியாமை என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம். அவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்ட முதலாளி இரண்டு நாள் கூலியோடு விடுப்பு தர ஒப்புக்கொண்டார். காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்திலேயே முகாமை வைத்தோம். ஏழரை மணிக்குள் கொண்டுபோன குப்பிகள் தீர்ந்துவிட்டன.

பயமும் உண்மையாகவே இருந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்கு நம்பிக்கை தர வேண்டும் என்று அரசு மருத்துவமனைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தார். மலையில் மரம் நடும் பிள்ளைகள்கூட அவர் பெயரைச் சொல்லும் காலம் அது. மறுவாரம் எங்கள் முகாம்களில் ஆளே இல்லை. அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய நிபுணர் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில். ஆறு மாதம். தடுப்பூசியைப் பதினோரு மாதத்தில் செய்த உலகத்துக்கு, ஒரு மரணத்தை விசாரித்துச் சொல்ல ஆறு மாதம் ஆகிறது. அந்த ஆறு மாதத்துக்குள்தான் இரண்டாம் அலை வந்தது. சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட வேண்டியிருந்தது. வேகம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் விசாரணையின் வேகத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஊசிக்குப் பின் ஏதாவது நேர்ந்தால், என்ன நடந்தது, இதுவரை என்ன தெரியும், மீதி எப்போது தெரியும் என்று ஒரு மருத்துவர் சில நாட்களுக்குள் அந்த ஊருக்கே வந்து நின்று சொல்ல வேண்டும். புதிய குளிர்பதனப் பெட்டிகளைவிட அதற்கு ஆகும் செலவு குறைவு.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போடப்பட்டபோது வாட்ஸ்அப் வதந்தியால் பல ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அப்போதும் மலையில் சில பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை. நர்சம்மா வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஆசிரியர்கள் பெற்றோரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, தெரிந்ததற்குப் பதில் சொல்லி, தெரியாததை எழுதிவைத்து மருத்துவரிடம் கேட்டு வந்து சொன்ன பள்ளிகள் அவை. அதைச் செய்யுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்களிடம் மட்டும் இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் குடும்பங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் போகின்றன. எங்கள் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகள் "வீடு பூட்டியிருந்தது" என்ற இரண்டு சொற்களாக முடிந்துபோகிறார்கள். எந்தப் பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கிறது, எது வாழவந்திப் பக்கம் போயிருக்கிறது, எந்த வீட்டில் இன்னும் பேர் வைக்காத கைக்குழந்தை இருக்கிறது என்பது உங்கள் வகுப்புக்குத் தெரியும். பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டி.டி. (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசிக்கு வர வேண்டியவர்கள் பெயரையும், வீட்டில் உள்ள கைக்குழந்தைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அது நர்சம்மா கைக்குப் போய்விட்டால், புதன்கிழமை காலை கேரியரில் எத்தனை குப்பி வைப்பது, எந்தப் பாதையில் முதலில் இறங்குவது என்று தெரிந்துகொண்டு அவர் கிளம்புவார்.